செருப்புக் கடை தேவி

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு மருந்துகளைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் படித்ததைவிட அதிகம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாத மருந்துகள் இப்போது அலமாரியில் பாதி இருக்கும். நான் சொல்ல வந்தது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. பம்மல் மெயின் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் இருபத்தாறு வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு உயிரை எடுக்கப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். எனக்குத் தெரிந்து ஒரு நாள்தான் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

எங்கள் கடைக்கு இடது பக்கம் ஒரு செருப்புக் கடை. இரண்டு கடைக்கும் பொதுவாக வாசலில் ஒரு சிமென்ட் சரிவு. அந்தக் கடையில் விற்பனைக்கு நின்றவள் தேவி. முப்பத்தைந்து வயதிருக்கும். அனகாபுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், அதைச் சரிவின் குறுக்கே நிறுத்துவாள். வாக்கர் பிடித்து வருகிறவர்கள் எங்கள் கடைக்குள் ஏற முடியாது. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். நான்காவது தடவை அவளிடம் சொல்லாமல் அவள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கடைக்கு வந்தவர்கள் முன்னால் அவளை நிற்க வைத்துத் திட்டினார். ஒவ்வொரு சொல்லும் எங்கள் கவுண்டர் வரைக்கும் கேட்டது. அதன் பிறகு ஸ்கூட்டர் அங்கே நிற்கவில்லை. தேவியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மாதம் அப்படியே போனது. என் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நான்காவது தடவையும் அவளிடமே சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உதவிக்கு இருந்த பெண் அன்று வரவில்லை. கடையைத் திறந்து, முந்தின நாள் வந்த மருந்துகளை நானே அடுக்கினேன். அடுக்கும்போது என் மகள் போன் செய்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசியபடியே அடுக்கினேன். இதை நான் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அப்படித்தான் அடுக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதரை மணிக்கு வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேல் வயது. டாக்டர் சீட்டைக் காட்டி, தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை, பத்து வேண்டும் என்றார். "வீட்டுக்காரிக்கு. கொண்டுவர மறந்துட்டோம். காலைல ஒண்ணு போட்டாகணும்." எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அவர் பில் கேட்கவில்லை, நானும் போடவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்று பத்துக்கு எங்கள் வழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். அந்தப் பெட்டியை நான் அன்று காலைதான் பிரித்திருந்தேன், அதிலிருந்து யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு அட்டை குறைந்தது. பக்கத்தில் தலைசுற்றல் மாத்திரைப் பெட்டி. அது நிறைந்திருந்தது. இரண்டு பெட்டியும் வெளிர் பச்சை. இரண்டு பெயருக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவள் நான்.

சர்க்கரை வியாதி இல்லாத ஒரு வயதான அம்மாவுக்கு, சர்க்கரையை இறக்குகிற மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என் கை அந்தப் பெட்டியிலேயே இருந்தது. ஆட்டோக்காரர், "மேடம், ஸ்டாக் இல்லையா?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அந்தப் பெரியவர் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. சீட்டு அவரிடம். எந்த டாக்டர் என்று நான் பார்க்கவில்லை, மருந்தின் பெயரை மட்டும் பார்த்தேன், அதையும் சரியாகப் பார்க்கவில்லை. போனில் பணம் அனுப்பியிருந்தால் ஒரு பெயராவது கிடைத்திருக்கும். நோட்டாகக் கொடுத்துவிட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் படியிலிருந்து இறங்கி அவர் இடது பக்கம் திரும்பினார், செருப்புக் கடைக்குள்.

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது தெரிந்தே செய்தது.

தேவி ஒரு குழந்தைக்குப் பள்ளிக்கூட ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் அம்மா, இன்னும் நான்கைந்து பேர், எல்லாரும் இருந்தார்கள். நான் வாசலில் நின்று, "காலைல ஒரு பெரியவர் வெள்ளை வேட்டியில வந்தாரே, அவர் எங்க போனார்னு தெரியுமா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "எதுக்கு?"

"கண்ணாடியை எங்க கடையில வச்சுட்டுப் போயிட்டார்."

"வருவாரு. வந்து கேட்டா சொல்றேன்."

"எங்க போறாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"எவ்ளோ பேரு வராங்க மேடம். எல்லாரையும் ஞாபகம் வெச்சிகினு இருக்க முடியுமா?"

ஷூவின் நாடாவைக் கட்டத் தொடங்கிவிட்டாள். நான் திரும்பி எங்கள் கடைப் படி வரைக்கும் வந்தேன். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் வெள்ளை வேட்டி ஐம்பது இருக்கும். அப்போது நினைத்தேன், ஒருவேளை அந்த அம்மா மாத்திரையை இன்னும் போட்டிருக்க மாட்டார், ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போட்டிருப்பார், ஒன்றும் ஆகாது. பயத்தில் இருக்கும்போது மனது இப்படித்தான் பேசும். அதற்கு மூன்று நிமிடம் கொடுத்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால் மூன்று நிமிடம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

திரும்பப் போனேன். இந்த முறை உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"தேவி, கண்ணாடின்னு சொன்னது பொய். நான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டேன். சர்க்கரை மாத்திரை. அந்தம்மா அதைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா மயங்கி விழுவாங்க. உயிருக்கே ஆபத்து."

கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பல வருடமாக என்னிடம் மருந்து வாங்குகிறவர்கள் அதில் இரண்டு பேர்.

தேவி ஷூவைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியிருந்தது. "அந்தம்மா மாத்திரைய இங்கயே போட்டுகினாங்களே மேடம். இதோ இந்த ஸ்டூல்ல குந்திகினு. நான்தான் என் பாட்டில்லருந்து தண்ணி குடுத்தேன்."

நான் கேட்டேன்: "சாப்பிட்டிருந்தாங்களா?"

"இல்ல. சனிக்கிழம விரதம். திருநீர்மல ஏறி சாமி பாத்துட்டுதான் சாப்பாடுன்னு சொன்னாங்க. மேடவாக்கத்துலருந்து வராங்களாம். பஸ்ஸ வுட்டு எறங்கும்போது செருப்பு அறுந்துபோச்சுன்னு இங்க வந்தாங்க."

அதற்குள் அவள் கவுண்டருக்குப் பின்னால் போய் ஸ்கூட்டர் சாவியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிட்டாள். கூட வேலை பார்த்த பெண், "அக்கா, முதலாளி பன்னெண்டு மணிக்கு வந்துடுவாரு," என்றாள். "வந்தா வரட்டும். நான் எங்க போயிருக்கேன்னு உள்ளத சொல்லு," என்றாள் தேவி. பிறகு என்னிடம், "உங்களுக்கு அந்தாள மட்டும்தான் தெரியும். அந்தம்மா மூஞ்சி எனக்குத்தான் தெரியும். வாங்க."

நான் எங்கள் கடைக்குள் ஓடி, குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு, சர்க்கரை பார்க்கிற மிஷின், அதற்கான பட்டைகள் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டேன். ஷட்டரை இறக்கினேன். பகல் பதினொன்றரை மணிக்கு அந்த ஷட்டரை இறக்கியது அதுதான் முதல் முறை.

சாதாரண நாளில் பம்மலிலிருந்து மலையடிவாரம் பத்து நிமிடம். அன்று மெயின் ரோட்டில் தடுப்பு போட்டிருந்தார்கள். தேவி பழைய தோல் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சந்தில் வண்டியைத் திருப்பினாள். பின்னால் உட்கார்ந்து நான் 108-க்குப் போன் செய்தேன். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, என்ன வயது என்று சொல்லச் சொல்ல, என் குரலையே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் எங்கே என்று கேட்டார்கள். "மலை மேல எங்கயோ," என்றேன். அடிவாரத்துக்கு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஒரு வளைவில் தேவி திரும்பாமலே சொன்னாள்: "கண்ணாடின்னே சொல்லிகினு இருந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் மேடம். எனக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுதான்."

கைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்தேன். 

அடிவாரத்தில் தலைக்கு மேல் தலையாகக் கூட்டம். அவர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்களா, இறங்கிப் போய்விட்டார்களா, எதுவும் தெரியாது. இறங்கிப் போயிருந்தால் இந்நேரம் ஏதோ ஒரு பஸ்ஸில் அந்த அம்மா தூங்குவதைப்போலச் சாய்ந்திருப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் களைப்பு என்று விட்டிருப்பார்கள். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேவி நேராகச் செருப்பு விடுகிற இடத்துக்குப் போனாள்.

சாக்கு விரித்து அதன் மேல் நூற்றுக்கணக்கான ஜோடிகள். காவலுக்கு இருந்த அம்மாள், "டோக்கன் இல்லாம கை வெக்காத," என்று சத்தம் போட்டார். தேவி குனிந்தபடியே, "எடுக்க மாட்டேன்மா, பாக்கணும்," என்று ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தாள். நான் பின்னாலேயே போய், "எப்படிக் கண்டுபிடிப்பே? எல்லாம் ஒரே மாதிரி இருக்கே," என்றேன்.

"அந்தம்மாக்கு எடது கால் வீங்கி கீது மேடம். ஆறு போட்டா எடது நுழையல, ஏழு போட்டா வலது கழண்டு போவுது. ரெண்டு டப்பாவப் பிரிச்சு எடதுக்கு ஏழு, வலதுக்கு ஆறு குடுத்தேன். நடக்கணும்ல."

அப்படி ஜோடியைப் பிரித்துக் கொடுக்க எந்தச் செருப்புக் கடையிலும் அனுமதி கிடையாது. மிச்சமிருக்கிற ஏறுமாறான ஜோடியை யார் வாங்குவார்கள்? காலை ஒன்பதரை மணிக்கு, முதலாளி இல்லாத நேரத்தில், இனிமேல் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒரு அம்மாவுக்காக அவள் அதைச் செய்திருக்கிறாள். எங்கள் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு காலை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் நான் ஒரு பெயரின் நான்கு எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதோ," என்றாள். பழுப்பு நிறம், புதிது, ஒன்று கொஞ்சம் பெரியது. அப்படியென்றால் அவர்கள் இறங்கவில்லை, மேலேதான் இருக்கிறார்கள்.

எனக்கு மூட்டு வலி. வேகமாக ஏற முடியாது. மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைக் கொடுத்தேன். "பாத்ததும் உக்கார வை. முழிச்சிருந்தா, விழுங்க முடிஞ்சா, இதைத் தண்ணியில கரைச்சுக் குடு. மயங்கியிருந்தா வாயில எதுவும் ஊத்தாதே. நான் வர்றவரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க வை. புரியுதா?"

"முழிச்சிருந்தா குடு, இல்லன்னா ஊத்தாத," என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் ஏறத் தொடங்கியபோது என் முதலாளி போன் செய்தார். ஷட்டர் மூடியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன்.  அவர் தணிந்த குரலில், "பில் போட்டீங்களா?" என்றார்.

"இல்லை சார்."

"அப்ப நம்ம கடையில வாங்கினதுன்னு யாருக்குத் தெரியும்? திரும்பி வாங்க ஸ்டெல்லா மேடம். நீங்க அங்க போய் நின்னீங்கன்னா நீங்களே மாட்டிக்கிறீங்க. உங்க லைசென்ஸ் போயிடும், என் கடை போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் எனக்காகக் கவுண்டரில் வேறு ஆள் வைத்தவர். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட எனக்குத் தோன்றாதது இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் கண்ணாடி என்று பொய் சொன்னவள் நான். "ஏறிக்கிட்டிருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டுப் போனைக் கைப்பையில் போட்டேன்.

பாதிப் படிக்கு மேல் ஓரமாக ஒரு கல் மண்டபம். அங்கே கூட்டம் வட்டமாக நின்றது. யாரோ கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். "சாமி வந்திருக்கு, தள்ளி நில்லுங்க," என்று ஒருவர் கையை விரித்துத் தடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் தூணில் சாய்ந்தபடி அந்த அம்மா. உடம்பெல்லாம் வியர்த்து, புடவை நனைந்து, கை நடுங்க, வார்த்தை வார்த்தையாக ஏதோ பேசினார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். தேவி அந்த அம்மாவின் முன்னால் மண்டியிட்டிருந்தாள், கையில் பாட்டில். ஆனால் இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்திருந்தார்கள்.

"விரதத்துல இருக்காங்க. சாமி வந்த உடம்பு. நீ பாட்டுக்கு எதையும் குடுக்காதே."

"சாமி இல்லக்கா, சக்கர எறங்கிப்போச்சு. வுடுங்க."

பெரியவரும் தலையாட்டினார். "தரிசனம் ஆகலைம்மா. தண்ணி தெளிச்சாச்சு, சரியாயிடும். வெயில்."

எனக்கு மூச்சு முட்டியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்த முகத்தில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது, மருந்துக் கடை அம்மா வந்துவிட்டார் என்று. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"சார், இது வெயிலும் இல்லை, சாமியும் இல்லை. நான் உங்களுக்குத் தப்பான மாத்திரையைக் குடுத்துட்டேன். சர்க்கரை மாத்திரை. இப்ப இனிப்பு உள்ள போகலைன்னா இவங்க பிழைக்க மாட்டாங்க."

 தேவியைப் பிடித்திருந்த கைகள் விலகின. பெரியவர் என்னைப் பார்த்தபடியே நின்றார், துண்டு கையிலிருந்து நழுவியது.

தேவி காத்திருக்கவில்லை. பாட்டிலை அந்த அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். நான் தொட்டபோது கையைத் தட்டிவிட்டார். தேவி அவர் இடது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, "அம்மா, நான்தான், செருப்புக் கடப் பொண்ணு. காலு வலிக்குதா? காலைல குடிச்சீங்களே, அதே தண்ணிதான். ஒரு வாயி," என்றாள். அந்த அம்மாவின் கண் அவள் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தார். பாதி சிந்தியது, பாதி உள்ளே போனது. மறுபடியும். மறுபடியும்.

விரலில் குத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டு. உங்களுக்குத் தெரியும், எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. இரண்டாவது பாக்கெட்டையும் கரைத்தோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி குத்தினேன், அறுபதைத் தாண்டியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்து, கணவரிடம், "ஏன்னா, எதுக்கு இவ்ளோ கூட்டம்? எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவர் கைகூப்பினார். பெரியவர் அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாயிடுத்து. மெதுவா மேல போய் தரிசனம் பண்ணிட்டுப் போயிடறோம். நீங்க போங்கோ," என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. அந்த அம்மா பேசுகிறார், எழுந்து நிற்கிறார், என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். திரும்பிக் கடைக்குப் போனால் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த மாத்திரை அன்று முழுவதும் வேலை செய்யும். குடித்த குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சர்க்கரை மறுபடி இறங்கும், அப்போது பக்கத்தில் நானும் இருக்கமாட்டேன், தேவியும் இருக்கமாட்டாள்.

"முடியாது சார். இன்னிக்கு முழுக்க ஆஸ்பத்திரியில இருக்கணும். கீழ வண்டி வந்திருக்கு."

"எங்களைப் படுத்தினது போதும்," என்றார்.

அது எனக்குச் சேர வேண்டியதுதான்.  தேவிதான் பேசினாள். "ஐயா, சாமி எங்கயும் போவாது. அம்மாவ நான் கைத்தாங்கலா கூட்டினு வரேன். நீங்க முன்னாடி எறங்குங்க."

எப்படியோ இறங்கினோம். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். தேவி பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாம் சொன்னேன். யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு, டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மாவுக்குச் சர்க்கரை மறுபடி இறங்கியது. நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டார். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரியவரும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

அவர்களுடைய மகன் வந்ததும், நியாயமாக என்னென்ன சொல்ல வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்லி என்னைத் திட்டினார். வார்டே திரும்பிப் பார்த்தது. தேவி என் பக்கத்திலிருந்து நகரவில்லை. எனக்காக வாதாடவும் இல்லை. அவர் ஓய்ந்ததும், "நீங்க கோவப்படறது நியாயம் சார். புகார் எழுதணும்னா அவங்களே கூட இருந்து எழுதிக் குடுப்பாங்க," என்று மட்டும் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். பிறகு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரி வந்து விசாரித்தார். எச்சரிக்கை கொடுத்தார்கள், கடையில் சில மாற்றங்கள் செய்யச் சொன்னார்கள். என் முதலாளி ஒரு மாதம் என்னுடன் சரியாகப் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த அம்மா இரண்டு நாள் இருந்துவிட்டு நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

தேவிக்கு அன்று அவள் முதலாளியிடம் நன்றாகவே கிடைத்தது, கடையை விட்டுப் போனதற்கும், ஜோடியைப் பிரித்ததற்கும். இந்த முறை நான் அங்கே போய் நின்று, வந்தவர்கள் முன்னாலேயே, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.  தேவி ஒரு மூலையில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தாள். நன்றி என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். "அத வுடுங்க மேடம்," என்றாள். "அந்த ரெண்டு மாத்திரயும் இன்னும் பக்கத்துலயே வெச்சிகினு கீறீங்களா?"

மறுநாள் காலை தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் எங்கள் கடைக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. அலமாரி முன்னால் நின்று பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். எட்டாவது வரை படித்தவள். மருந்தின் பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. அதனால் ஒரு எழுத்தையும் தாண்டிப் போக மாட்டாள். நாம் முதல் நான்கு எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை மனதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். அவள் மனதில் எடுத்துப் போட ஒன்றுமில்லை. தினமும் பதினைந்து நிமிடம். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான் வந்தாள்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாகவே இருந்தது. நான் இருக்கிற ஜாக்கிரதையில் இனி தப்பு வராது என்று எனக்கே ஒரு தைரியம் வந்திருந்தது. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"மேடம், இதுல நடுவுல இங்கிலீஷ் 'எம்' கீது. பக்கத்து டப்பால 'என்' கீது. மத்ததெல்லாம் ஒண்ணுதான். ரெண்டும் ஒரே மாத்திரையா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்று வலிப்புக்கு, ஒன்று அலர்ஜிக்கு. முந்தின நாள் மாலை நான்தான் அடுக்கியிருந்தேன். போனை அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து.